எங்கே இறக்கினாய்

மண்டபத் தரையில் இரத்தம் சிந்தினால் பச்சைத் தண்ணீரால் துடைக்க வேண்டும். சுடுதண்ணீர் ஊற்றினால் கறை மரத்துக்குள் இறங்கிவிடும். எங்கள் ஆட்களின் கூட்டங்கள் முடிந்த பிறகு துப்புரவாக்கியதில் எனக்கு இது தெரியும். எண்பத்தாறில் இலங்கையிலிருந்து அகதியாக வந்தேன். அடுத்த வருடம் வடக்கு லண்டனில், எட்மண்டனில் ஒரு மண்டபத்தில் கெயார்டேக்கர் வேலை கிடைத்தது. கதவு திறப்பது, பூட்டுவது, கதிரை அடுக்குவது, கக்கூஸ் கழுவுவது. வார நாட்களில் வெள்ளைக்காரக் கிழடுகள் பாட்மின்டன் விளையாடினார்கள். சனி, ஞாயிறில் நாட்டை விட்டு ஓடிவந்தவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். நாங்கள், சைப்ரஸ்காரர், குர்திஷ்காரர், ஈராக்கிலிருந்து தப்பிய அரபுக்காரர்.

எங்கள் ஆட்கள் அஞ்சலிக் கூட்டம் என்று சொல்லி எடுப்பார்கள். ஒருவன் ஒலிவாங்கியைப் பிடிப்பான். மற்ற இயக்கத்தின் ஆதரவாளன் பின்னால் இருந்து "இறங்கடா துரோகி" என்பான். பிறகு கதிரை பறக்கும். ஒருமுறை ஒருவனின் காது பாதி கிழிந்து தொங்கியது. எந்த இயக்கம் என்று எழுத மாட்டேன். எழுதினால் மற்றவன் சந்தோஷப்படுவான்.

குர்திஷ்காரர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கவிதை வாசிக்க வந்தார்கள். கவிதைக்கு இவ்வளவு சனம் வருமா என்று முதலில் நம்பவில்லை. கெபாப் கடையில் இறைச்சி வெட்டுகிறவன், தையல் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கிறவள், மினிகாப் ஓட்டுகிறவன், எல்லாரும் வந்தார்கள். குழந்தைகள் கதிரைகளுக்கிடையில் ஓடின. ஆண்கள் வாசலில் சிகரெட் பிடித்து என் கூட்டும் வேலையைக் கூட்டினார்கள்.

இதை நடத்தியவர் ஒரு வாத்தியார். தன் நாட்டில் பெரிய வகுப்புகளுக்கு இலக்கியம் படிப்பித்தவர். லண்டனில் ஒரு கெபாப் கடையின் பின்னறையில் வெங்காயம் உரித்தார். கை எப்போதும் மணக்கும். போட்டோகொப்பி எடுத்து ஒரு சஞ்சிகையும் நடத்தினார். அதில் குர்திஷிலும் அரபிலும் கவிதை, கதை, படம் எல்லாம் இருந்தன. அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இங்கிலீஷ் மட்டும்தான். அதை அப்படியே எழுதினால் இருவரும் முட்டாள்கள் போலத் தெரிவோம். அதனால் அவர் சொன்னதையும் மற்றவர்கள் சொன்னதையும் என் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன்.

என்னை அவர் "காக்கா" என்று கூப்பிட்டார். முதல் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர்கள் மொழியில் அது அண்ணன். எங்கள் நாட்டு முஸ்லிம்களும் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று சொன்னதும் மனுசன் குதித்தார்.

"பாத்தியோ காக்கா, நாங்கள் சொந்தக்காரர்!"

"ஓம், அதுதான் ரெண்டு பேரையும் ஒரே மாதிரி அடிச்சுக் கலைச்சவங்கள்," என்றேன்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கவிஞன் ஒரு வரி வாசிப்பான். அது பிடித்திருந்தால் கூட்டம் "தூபாரே!" என்று கத்தும். மறுபடி என்று அர்த்தம். அவன் அந்த வரியை மறுபடி சொல்ல வேண்டும். கத்தக் கத்தச் சொல்ல வேண்டும். சில வரிகளை விடவே மாட்டார்கள். அரபுக்காரர்களும் தங்கள் மொழியில் இதே மாதிரிக் கேட்பார்களாம். எங்கள் கவியரங்குகளில் யாரும் கேட்காமலே ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் சொல்வார்கள் என்றேன்.

"ஏன், உங்கட சனத்துக்குக் காது கேளாதோ?"

"காது கேக்கும். கவிஞர்மாருக்குத்தான் பொறுமை இல்லை."

சிலருக்கு அரபுக் கவிதை பிடிக்காது. ஒருநாள் மினிகாப் ஓட்டும் இளைஞன் ஒருவன் எழுந்து, எங்களுக்கு விஷவாயு அடித்தவன் மொழியில் எங்களுக்கு எதற்குக் கவிதை என்று கத்தினான். பெரிய தோள், உடைந்த மூக்கு, எப்போதும் சண்டைக்கு நிற்கிற முகம். வாத்தியார் சொன்ன பதிலை அன்றே எனக்கு இங்கிலீஷிலும் சொன்னார்.

"அந்த மொழியிலைதான் எனக்குப் பொலிஸ் அடிச்சது. அந்த மொழியிலைதான் நான் முதல் காதல் கவிதையும் படிச்சன். ரெண்டையும் என்னட்டை இருந்து ஒருத்தனும் பறிக்கேலாது. நீ இரு."

அவன் இருந்தான். ஆனால் கதிரையை உதைத்துவிட்டுத்தான் இருந்தான்.

முன்வரிசையில் எப்போதும் ஒரு பெண் இருப்பார். தையல் தொழிற்சாலையில் வேலை. வயது ஐம்பது இருக்காது, தலை முழுக்க வெள்ளை. எண்பத்தெட்டில் ஈராக் ராணுவம் அவருடைய கிராமத்தை எரித்து எல்லாரையும் லொறியில் ஏற்றி ஒரு கோட்டைக்குக் கொண்டுபோனது. அங்கே ஆண்களைப் புறம்பாகப் பிரித்தார்கள். புருஷனையும் இரண்டு மகன்மாரையும் அவர் கடைசியாகக் கண்டது அந்தக் கோட்டை முற்றத்தில். நரைத்த தலையைப் பார்த்து அவரைக் கிழவிகளோடு தள்ளினார்கள். கிழவிகளைச் சில மாதம் பட்டினி போட்டுப் பிறகு விட்டுவிட்டார்கள். ஆண்களை வேறு லொறிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. லண்டனுக்குத் தம்பியாரிடம் வந்து சேர்ந்த பிறகு, நாட்டிலிருந்து புதிதாக யார் வந்தாலும் அந்தப் பெண் போய் ஒரே கேள்வியைக் கேட்பார். எங்கே இறக்கினார்கள்? உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்க மாட்டார். அது அவருக்குத் தெரியும். இடம்தான் வேண்டும்.

அந்தக் கேள்வியை வாத்தியார் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்ன நாளில் நான் தேத்தண்ணீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒன்றைச் சுவரில் எறிந்து உடைத்தேன். என்ன காக்கா என்று கேட்டார். சொன்னேன். எனக்கும் ஒரு தம்பி இருந்தான். எண்பத்தாறில், டியூஷன் படிக்கப் போன டியூட்டரியின் வாசலில் வைத்து அவனை வேறொரு இயக்கத்துப் பொடியள் வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தமிழ் பேசுகிற பொடியள். ஒருவன் என்னோடு படித்தவன். உடல் கிடைக்கவில்லை. வானை ஓட்டியவனை ஊருக்கே தெரியும். அவன் இப்போது கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறான்.

"போய்ப் பாத்தனியோ?"

"பாத்தால் கொல்லுவன். அதுதான் போகேல்லை."

வாத்தியார் குனிந்தார். உடைந்த கோப்பையைப் பொறுக்கினார்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு ஓவியன் வந்தான். பாக்தாத் அரபுக்காரன். மெல்லிய ஆள், மண்டை முழுக்கச் சுருட்டை முடி. வளைகுடாச் சண்டைக்குப் பிறகு நடந்த கிளர்ச்சியில் ராணுவத்தை விட்டு ஓடி, மலை வழியாக எல்லை கடந்தவன். அவனுக்கு ரொட்டி கொடுத்து எல்லை கடத்தியது குர்திஷ்காரர்கள்தான். லண்டனில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினான். மிச்ச நேரத்தில் படம் வரைந்தான், கவிதை எழுதினான். வாத்தியாரின் சஞ்சிகையைக் கண்டு தேடி வந்தான்.

அவன் வரைந்தது எல்லாம் லொறி. பின்பக்கத்திலிருந்து தெரியும் லொறிகள். படங்குத் துணி இழுத்துக் கட்டியிருக்கும். ஆள் ஒருவரும் இல்லை. மஞ்சள் ரோட்டு, மஞ்சள் வானம். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனால் அவற்றைச் சுவரில் மாட்டியபோது ஆணியை மட்டும்தான் பார்த்தேன்.

வாத்தியார் அந்தப் படங்களை மண்டபத்தில் கண்காட்சியாக வைத்தார். சனம் வந்து பார்த்தது. அழுதது. தாங்கள் எல்லைக்கு ஓடிவந்த லொறிகளைத்தான் இவன் வரைந்திருக்கிறான் என்று நினைத்தார்கள். தங்கள் அகதி வாழ்வை ஒரு அரபுக்காரன் இவ்வளவு விளங்கி வைத்திருக்கிறானே என்று அவனைக் கட்டிப்பிடித்தார்கள். மினிகாப்காரன்கூட வந்து கை கொடுத்தான். வெள்ளைத்தலைப் பெண் அவன் நெற்றியில் கொஞ்சினார். அவன் முகம் சாம்பலாகியது. கக்கூசுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தான். அதையும் நான்தான் கழுவினேன்.

சனம் போன பிறகு குசினியில் எங்கள் இருவருக்கும் சொன்னான். அந்த லொறி அவன் ஓட்டிய லொறி. ராணுவத்தில் அவன் சாரதி. எண்பத்தெட்டில் கோட்டையிலிருந்து ஆண்களை ஏற்றித் தெற்கே பாலைவனத்துக்கு ஓட்டினான். ஒரு தரம் இல்லை, பல தரம்.

வாத்தியார் அவன் கன்னத்தில் அறைந்தார். வெங்காயம் உரிக்கும் கை. பிறகு மற்றக் கன்னத்தில். அவன் கையைத் தூக்கவில்லை. நான் நடுவில் போகவில்லை. ஏன் போக வேண்டும்? வாத்தியார் களைத்துக் கீழே குந்தினார். 

"நான் இதை மண்டபத்திலை வாசிக்கோணும்," என்றான் அவன். "கவிதையா எழுதி வைச்சிருக்கிறன். அவை என்னைக் கொஞ்சினதை என்னாலை தாங்கேலாது."

"உன்னைக் கொல்லுவாங்கள்."

"கொல்லட்டும். வாசிச்ச பிறகு கொல்லட்டும்."

கவிதையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டேன். தெரிந்த இங்கிலீஷில் சொன்னான். கோட்டையின் பெயர் வருகிறது. கயிற்றால் கட்டிய கைகள் வருகின்றன. படங்கை இழுத்துக் கட்டியது, பின்னாலிருந்து அவர்கள் சாரதி அறையைத் தட்டித் தண்ணீர் கேட்டது, அவன் றேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்தது. ரோட்டு. கடைசி வரியில் இறக்கிய இடம்.

"அந்த மனுசிக்கு இடம்தானே வேணும்?" என்றேன். "அதை முதல் வரியிலை சொல்லு. பிறகு உன்ரை றேடியோவையும் ரோட்டையும் சொல்லு."

"முதல் வரியிலை சொன்னால் அது பொலிஸ் ரிப்போட். ரோட்டு முழுக்க அவை என்னோடை வரோணும். அந்த வெய்யிலிலை வந்து கடைசியிலைதான் அந்த இடத்தைக் காணோணும்."

"எட விசரா! உன்னை ரோட்டு முடியுமட்டும் ஆர் விடப்போறான்?"

வாத்தியாரைப் பார்த்தேன், எனக்குச் சார்பாகப் பேசுவார் என்று. அறைந்த கையைத் தடவிக்கொண்டே அவர் சொன்னார், "கவிதைக்கு அவன் சொல்லுறதுதான் சரி காக்கா."

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு இப்போதே தனியாகச் சொன்னால் என்ன என்றும் கேட்டேன். தனியாகச் சொன்னால் நாளைக்கு மறுத்துவிடலாம், சனத்துக்கு முன்னால் சொன்னால் மறுக்க ஏலாது என்றார் வாத்தியார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எல்லாரிடமும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். அந்தப் பெண் பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில் இருந்தார். இவர்கள் கடைசி வரியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். இலக்கியம் படித்தவர்களுக்கு இது ஒரு வியாதி.

அடுத்த வாசிப்பு மாரியில் வந்தது. நல்ல குளிர். ஹீட்டர் பாதி வேலை செய்யவில்லை, சனம் கோட்டோடு இருந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. கண்காட்சிக்குப் பிறகு அவனுக்குப் பெயர் வந்திருந்தது. நான் கதிரைகளை வழமையை விடத் தள்ளிப் போட்டேன், முன்வரிசைக்கும் மேடைக்கும் இடையில் இடம் விட்டு. வந்தவர்கள் எல்லாம் கதிரையை முன்னே இழுத்துப் போட்டார்கள். குளிருக்கு ஒட்டி இருக்க வேண்டுமாம்.

அவன் அரபில் வாசித்தான். ஈராக் குர்திஷ்காரர்களில் பெரும்பாலானவர்களுக்கு அரபு விளங்கும். எனக்கு விளங்காது, ஆனால் எந்த இடத்தில் நிற்கிறான் என்று வாத்தியாரின் முகத்தைப் பார்த்து அறிந்துகொண்டேன். முதலில் லொறி வந்தது, மஞ்சள் ரோட்டு வந்தது. சனம் "தூபாரே!" என்று கத்தியது. அவன் மறுபடி சொன்னான். மறுபடி கத்தினார்கள். மறுபடி சொன்னான். வரிக்கு வரி நிறுத்தினார்கள். நான் சுவரோடு நின்று பல்லைக் கடித்தேன். விடுங்கோடா, போகட்டும், கடைசிக்குப் போகட்டும்.

பிறகு லொறியை ஓட்டுகிறவன் தான்தான் என்ற வரி வந்தது. கோட்டையின் பெயரும் அதிலேயே இருந்தது.

சத்தம் நின்றது. ஒரு குழந்தை மட்டும் கதிரையைத் தரையில் இழுத்தது.

வெள்ளைத்தலைப் பெண் எழுந்தார். "தூபாரே," என்றார்.

அவன் மறுபடி சொன்னான்.

"தூபாரே!" சத்தம் ஏறியது.  அந்தக் கோட்டையின் பெயர் தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அந்தக் கோட்டையிலிருந்து ஏற்றியவன் எதிரில் நிற்கிறான். இவ்வளவு வருடத்தில் முதல் தடவை, பதில் தெரிந்த ஒருவன். இதை எனக்கு வாத்தியார் பிறகுதான் சொன்னார். அந்த நேரம் மண்டபத்துக்கு அது வேறு விதமாகக் கேட்டது. ஒரு விதவை கொலைகாரனைப் பார்த்து, சொல்லடா மறுபடி, சொல்லடா மறுபடி என்று கதறுகிறாள் என்று நினைத்தார்கள். ஆண்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

மினிகாப்காரன்தான் முதலில் பாய்ந்தான். மேடையில் ஏறவில்லை, காலைப் பிடித்து அவனைக் கீழே இழுத்தான். ஓவியனின் தாடை மேடை விளிம்பில் அடித்த சத்தம் பின்வரிசை வரை கேட்டது. பிறகு ஒரு கூட்டமே விழுந்தது. சப்பாத்துக் கால்கள். ஒருவன் மடக்குக் கதிரையை மடித்து விளிம்பால் குத்தினான். அந்தக் கதிரைகள் எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். தினமும் தூக்குகிறேன்.

நான் உள்ளே இறங்கினேன். சமாதானம் பேச இறங்கவில்லை. கதிரைக்காரனின் முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினேன். இன்னொருவன் என் காதில் குத்தினான். அவன் கையைக் கடித்தேன். வாத்தியார் ஓவியனின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார், அவருக்கும் உதைத்தார்கள். பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். யாரோ ஒருவன் சுவரில் இன்னும் தொங்கிய லொறிப் படமொன்றைப் பிடுங்கி முழங்காலில் வைத்து உடைத்தான். சட்டம் முறிந்தது. படம் கிழியவில்லை. அதனால் கத்தி எடுத்துக் கிழித்தான்.

கடைசியில் அவர்களைப் பிரித்தது நான் அல்ல. வெள்ளைத்தலைப் பெண்தான். ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்து வந்தார். மினிகாப்காரனின் முகத்தில் அடித்தார். அவன் தனக்கு அடி விழுகிறது என்பதையே நம்பவில்லை, "அன்ரி, அன்ரி, இவன்தான்," என்று ஓவியனைக் காட்டினான். உடைந்த மூக்கில் மறுபடி அடித்தார். அடித்துக்கொண்டே கத்தினார். பக்கத்தில் நின்ற ஒரு பெண் எனக்கு அதைச் சொன்னாள்.

"அவன் சொல்லப்போனான்! எங்கை எண்டு சொல்லப்போனான்! வாயை உடைச்சுப்போட்டியே நாயே, என்ரை பிள்ளையளின்ரை இடத்தை உடைச்சுப்போட்டியே!"

மண்டபம் அப்படியே நின்றது. ஓவியன் பாட்மின்டன் கோட்டின் மேல் கிடந்தான். தாடை ஒரு பக்கம் போயிருந்தது. வாயிலிருந்து இரத்தமும் பல்லும் வந்தன. அந்தப் பெண் முழங்காலில் விழுந்து அவன் தலையைத் தூக்கி, வாயில் காதை வைத்தார். அவன் ஏதோ சொல்லப் பார்த்தான். வந்தது குமிழி மட்டும்.

அம்புலன்ஸ் வந்தது. பொலிசும் வந்தது. அவ்வளவு சனத்தில் ஒருவரும் எதையும் காணவில்லை. யாராவது அடித்தார்களா என்று ஓவியனிடம் கேட்டார்கள், அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். மேடையிலிருந்து விழுந்தானா? ஆமென்று ஆட்டினான். என்னிடமும் கேட்டார்கள். நான் குசினியில் இருந்தேன் என்றேன். பொலிஸ்காரன் என் காதிலிருந்து வடிந்த இரத்தத்தைப் பார்த்தான், எழுதாமல் போனான். எங்களைப் போன்றவர்கள் எங்களுக்குள் அடிபடுவது அவனுக்கு நல்ல வசதி.

இரண்டு வாளி பச்சைத் தண்ணீர் எடுத்தேன். வாத்தியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். விலா எலும்பு.

"முதல் வரியிலை சொல்லியிருந்தால்," என்றேன்.

"ஓம்," என்றார்.

"கவிதையாம் கவிதை."

"ஓம் காக்கா. பேசு. நல்லாப் பேசு."

துணியைப் பிழிந்து மறுபடி துடைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அவன் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். மயக்க மருந்து தெளிந்து ஆளை அடையாளம் தெரியும்வரை யாரையும் விடவில்லை. விட்ட முதல் நாள் என் பழைய காரில் அந்தப் பெண்ணையும் வாத்தியாரையும் ஏற்றிக்கொண்டு போனேன்.  அந்தப் பெண் மடியில் ஒரு சூப் போத்தலை வைத்திருந்தார். கம்பி கட்டியவனால் உறிஞ்ச மட்டும்தான் முடியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பாசத்தால் கொண்டுவந்தார் என்று யாரும் நினைக்கக்கூடாது. பேசுவதற்கு அவனுக்குப் பெலம் வேண்டும்.

அவன் முகம் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. ஒரு கண் மூடியிருந்தது. பெண் கட்டிலில் ஏறாத குறையாக நெருங்கி உட்கார்ந்தார். சூப்பைக் குழாயால் கொடுத்தார். முடியும் வரை பொறுத்தார். பிறகு அரபில் கேட்டார். அவருக்குத் தெரிந்த கொஞ்ச அரபுக்கு அந்தக் கேள்வி போதுமானது.

அவன் கட்டிய பற்களுக்குள்ளால் சொன்னான். எச்சில் வடிந்தது, அவர் துடைத்தார். விளங்காததை வாத்தியார் குர்திஷில் சொன்னார். தார் ரோட்டு முடிகிற இடம். அதற்கு அப்பால் ஒரு தண்ணீர்த் தாங்கி, தண்ணீர் இல்லாத தாங்கி. அதற்குத் தெற்கே, புல்டோசர் முதலே குழி கிண்டி வைத்திருந்தது. கவிதையின் கடைசி வரி அதுதான்.

அவர் விடவில்லை. பகலா? பகல். சப்பாத்துப் போட்டிருந்தார்களா? சிலர் போட்டிருந்தார்கள். கண் கட்டியிருந்ததா? ஓம். தண்ணீர் கொடுத்தாயா? இல்லை. மண் போட்டு மூடியதைக் கண்டாயா? நான் லொறியைத் திருப்பிவிட்டேன், சத்தம் கேட்டது. சிவப்பு ஸ்வெட்டர் போட்ட பொடியன் ஒருவனைக் கண்டாயா? அவன் நெடுநேரம் யோசித்தான். பொய் சொல்லியிருக்கலாம். தெரியாது, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியை நான் திருப்பி வைத்திருந்தேன் என்றான்.

பெண் எழுந்தார். அவன் கழுத்தில் கை வைத்தார். நெரிக்கப் போகிறார் என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். போர்வையை இழுத்து அவன் கழுத்துவரை மூடினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். வாத்தியார் மொழிபெயர்த்தார்.

"உவனைச் சாக விடாதேங்கோ. உவனுக்கு ஒண்டு நடந்தால் உங்கள் எல்லாரையும் நான் கொல்லுவன். அந்த நாய் ஆட்சி ஒருநாள் விழும். அண்டைக்கு உவன் என்னோடை வந்து மண்ணிலை விரலை வைச்சுக் காட்டோணும். அதுக்குப் பிறகு உவன் சாகலாம்."

கட்டிலில் கிடந்தவன் ஓமென்று தலையை ஆட்டினான்.

அவர்களை இறக்கிவிட்டு நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே குட்மேய்ஸுக்கு, அந்த வான்காரனின் கடைக்கு ஓட்டினேன். பின்னேரம், கடை திறந்திருந்தது. வாசலில் வாழைப்பொத்தி, முருங்கைக்காய், சுவரில் கோயில் கலண்டர். அவன் மனைவி காசு மேசையில் இருந்தார். அவன் உள்ளே கத்தரிக்காய்ப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு நின்றான். தொந்தி வைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தான்.

"வாங்கோ தம்பி, என்ன வேணும்? இண்டைக்கு நல்ல பாவக்காய் வந்திருக்கு."

"நீர் டியூட்டரி வாசல்லை வானிலை ஏத்தின பொடியன்ரை தமையன் நான்."

பெட்டியை இறக்கி வைத்தான். மனைவியைப் பார்த்தான். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்.

"தம்பி, அந்தக் காலம் அப்பிடி. எல்லாரும் எல்லாரையும் செய்ததுதானே. உங்கட ஆக்கள் என்ரை மச்சானை லைற் போஸ்ற்றிலை கட்டிச் சுட்டவை. நான் அதைப் பற்றி ஆரிட்டையும் போய்க் கேட்டனானோ?"

"கேளும். எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லுறன். இப்ப நீர் சொல்லும். எங்கை இறக்கினீர்?"

"நான் வான் ஓடினது மட்டும்தான்..."

"அதைக் கேக்கேல்லை. எங்கை?"

என் கைகள் இரண்டும் கோட்டுப் பொக்கற்றுக்குள் இருந்தன. வேண்டுமென்றேதான் வைத்திருந்தேன். ஆறு வருடமாக இவன் வாயை உடைப்பதைத்தான் நினைத்திருந்தேன். உடைந்த வாயிலிருந்து என்ன வரும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிறகு சொன்னான். கடற்கரைப் பக்கம். பழைய உப்பளத்துக்குப் பின்னால், தாழம்பற்றை முடிகிற இடம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ரோட்டுக்கு எந்தப் பக்கம்? இடப்பக்கம். பகலா? விடியற்புறம், வெளிச்சம் வந்துவிட்டது. கை கட்டியிருந்ததா? ஓம். அழுதானா?

"இல்லைத் தம்பி. இறங்கேக்கை ஒரு செருப்பு வானுக்குள்ளை கழண்டுபோச்சு. எடுத்துத் தாங்கோ அண்ணை எண்டு கேட்டவன். நான் எடுத்துக் காலிலை போட்டுவிட்டனான்."

"பிறகு?"

"நடத்திக்கொண்டு போனவை. நான் வானைத் திருப்பினன். வெடிச்சத்தம் கேட்டது. மண்வெட்டி வானுக்குள்ளைதான் கிடந்தது, வந்து எடுத்துக்கொண்டு போனவை. பற்றைக்கும் மணலுக்கும் நடுவிலை. ஒரு பூவரசு நிண்டது."

"வேறை?"

"அவ்வளவுதான்."

"வடிவா யோசிச்சுச் சொல்லும். வேறை ஒண்டும் இல்லையோ?"

"அம்மாவாணை, இவ்வளவுதான் தம்பி."

அதற்குப் பிறகுதான் கையை வெளியே எடுத்தேன். கத்தரிக்காய்ப் பெட்டிகளோடு சேர்ந்து விழுந்தான். விழுந்தவனை மறுபடி தூக்கி அடித்தேன். மனைவி கத்திக்கொண்டு டெலிபோனுக்கு ஓடினார். தரையில் இருந்து அவன்தான், வாயைப் பொத்திய கைக்குள்ளால், "வை, டெலிபோனை வை, அவரை விடு," என்று கத்தினான்.